அமுக்காத பந்து

தாலிச்சங்கிலி, கொண்டை ஊசி நாலு,
முந்தியைப் பிடித்திருந்த ஊக்கு,
மருமகன் வாங்கித் தந்த வாட்ச்,
எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் தட்டில் போட்டேன்.
"பல்லு கட்டியிருக்கீங்களா?" என்றாள் அந்தப் பெண்.
இல்லை என்றேன்.
பல்லாவது என்னோடு உள்ளே வரட்டும்.

இந்த ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி எனக்குப் புதிதில்லை.
மாசக் கடைசிச் சனிக்கிழமை
இடையன்குடியிலிருந்து சபை வேனில் வருவோம்.
கட்டில் கட்டிலாக ஒரு ரொட்டிப் பாக்கெட்,
ஒரு சாத்துக்குடி, ஒரு ஜெபம்.
"பயப்படாதிய" என்று
எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!
ஐயரம்மாவே சொல்லுவாவ:
ரூபவதி ஜெபம் பண்ணினா கூரை ஓடு அசையும்.

"ரூபவதி ஞானசிகாமணி."
இரண்டாம் தரம் கூப்பிட்ட பிறகுதான்
அது நான் என்று எழுந்தேன்.

தலைமாட்டோடு குழாய்க்குள் தள்ளினார்கள்.
மூக்குக்கு மேலே நாலு விரக்கடை,
அதற்கு மேல் வெள்ளை.
"அசையக் கூடாதும்மா. ரொம்பப் பயமா இருந்தா
இந்தப் பந்த அமுக்குங்க, நிப்பாட்டிருவோம்."

பிறகு சத்தம்.
தேரிக்காட்டில் போர் போடுகிற லாரி,
கல்குவாரி, காற்றாலை இறக்கை கழன்ற
அந்த ஆடி மாச ராத்திரி,
எல்லாம் ஒன்றாகத் தலைக்குள் இறங்கியது.

ஜெபத்தைத் தேடினேன்.
முப்பது வருஷம் நாக்கிலேயே கிடந்தது,
ஒரு சொல் இல்லை.
அன்பின் பரமபிதாவே என்று எடுத்தால்
அரிசிக்கடைப் பாக்கி ஞாபகம் வருகிறது.
ஊராருக்குச் சொன்ன "பயப்படாதிய" எல்லாம்
பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டாகக்
கையில் கட்டுக்கட்டாய் இருக்கிறது,
ஒன்றுகூடச் செல்லவில்லை.
அந்தக் கட்டில்காரர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ?
சாத்துக்குடியையாவது உரித்துக் கொடுத்திருக்கலாம்.

கட்டைவிரல் பந்தின்மேல் ஏறிவிட்டது.

அப்போதுதான் தோன்றியது, ஜெபமாக இல்லை,
பக்கத்து வீட்டில் நடந்த காரியம்போல:
உம்மையும் இப்படி ஒரு பொந்துக்குள்தானே வைத்தார்கள்.
பாறை. குனிந்துதான் நுழையணும்.
துணியைச் சுற்றி, கல்லைப் புரட்டி அடைத்து.
பந்து கொடுக்க ஆள் இல்லை உமக்கு.
முகத்துக்கு மேலே இடம் இல்லாமல் கிடப்பது
உமக்குத் தெரியும்.

ஆண்டவரே என்றேன், வாய் அசையாமல்.
இரும்.
அவ்வளவுதான் வந்தது.
சுகம் தாரும் என்றுகூடக் கேட்கவில்லை.
இரும்.

பயம் போய்விட்டது என்று
சபையில் எழுந்து சாட்சி சொல்லமாட்டேன்.
அது போகவில்லை.
நனைந்த நாய் மாதிரிக் கால்மாட்டில் கிடந்தது.
தலைமாட்டில்தான் ஆள் மாறியிருந்தது.
நாற்பது நிமிஷம்.
வேர்வையில் பந்து வழுக்கிக்கொண்டே இருந்தது,
அமுக்கவில்லை.

வெளியே பெஞ்சில் அடுத்த ஆள்,
சங்கரன்கோவில் லாரி டிரைவர், எசக்கிதுரை.
மீசை காதைத் தொடுகிறது, கை நடுங்குகிறது.
திருநீறு கரைந்து புருவத்தில் இறங்கியிருக்கிறது.
"உள்ள எப்படிக்கா இருக்கு?"

"பயப்..." என்று வாய் தானாக எடுத்தது.
விழுங்கினேன்.
"பயமாத்தான் இருக்கும்" என்றேன்.
"கூட யாரும் வந்திருக்காவளா?"
இல்லையாம். வீட்டில் சொல்லவே இல்லையாம்.

லாரிச் சாவியையும்
இடுப்பிலிருந்து அவிழ்த்த வெள்ளிக் கொடியையும்
யாரிடம் கொடுப்பது என்று விழித்தார்.
கையை நீட்டினேன்.
"போயிட்டு வாங்க. நான் இங்கனதான் இருப்பேன்."

ரிசல்ட் வியாழக்கிழமை என்று சொல்லிவிட்டார்கள்.
ஐந்தேகால் பஸ் போயிருக்கும்.
சுவருக்கு அந்தப் பக்கம்
மெஷின் அடிக்கத் தொடங்கியது.
என் சங்கிலியை நான் இன்னும் போடவில்லை.
அதையும் அவர் கொடியையும்
ஒரே மடியில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தேன்.